அறுபட்ட தொடர்பும் அறாத உரையாடலும்

தொலைவிலுள்ள இரு கணினிகளைப் பேசவைக்கும் நிரல்களை எழுதுவோரின் சாமர்த்தியத்தை எடைபோட விரும்புகிறவர், தொடர்பு சீராக இருக்கும் வேளையில் அந்த நிரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பதைவிட, நடுவழியில் தொடர்பு அறுந்துபோகும் கணத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று கவனிப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

அறுந்துபோவதிலும் வகைகள் உண்டு. எதிர்முனையிலுள்ள நிரல் முறைப்படி விடைபெற்றுக்கொண்டால், சாக்கெட்டை வாசிக்கப்போகும் நமக்குப் பூஜ்யம் பைட் என்ற பதில் கிடைக்கும். எதிர் யந்திரம் திடீரென்று நின்று மறுபடி எழுந்து, பழைய உறவை மறந்துபோன நிலையில் நம் பாக்கெட் அதனிடம் போய்ச் சேர்ந்தால், 'ரீசெட்' என்னும் மறுப்பு வரும். இவை இரண்டும் நாகரிகமான முடிவுகள். பாடப்புத்தகம் படித்த எவரும் சமாளித்துவிடலாம். வித்தை வேண்டியிருப்பது மூன்றாவது வகைக்கு. யாரோ கேபிளைக் கழற்றிவிட்டார்கள். அல்லது ரயில் குகைக்குள் நுழைந்துவிட்டது. அல்லது இடையிலிருக்கும் ரூட்டர், வெகுநேரம் சும்மா கிடந்த தொடர்பைத் தன் பட்டியலிலிருந்து சொல்லாமல் நீக்கிவிட்டது. அப்போது வருவது பூஜ்யமும் அல்ல, மறுப்பும் அல்ல, வெறும் மௌனம். எதிராளி இறந்துவிட்டாரா, தாமதிக்கிறாரா, பேச ஒன்றுமில்லாமல் இருக்கிறாரா என்று அந்த மௌனத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க ஒரு வழியும் கிடையாது.

இதைப் பிரத்தியட்சமாகக் காண விரும்புவோர் ஒரு சிறு பரீட்சை செய்து பார்க்கலாம். ரூட்டர் ஒன்றின் இருபுறமும் இரண்டு லினக்ஸ் கணினிகளை வைத்து, டிசிபி தொடர்பு ஒன்றை ஏற்படுத்தி, மறுபக்கத்துக் கேபிளைக் கழற்றிவிட்டு, இப்பக்கத்திலிருந்து ஒரு வரியை அனுப்புங்கள். அனுப்பும் அழைப்பு 'வெற்றி' என்றே திரும்பும். ஏனெனில், அந்த வரியைக் கெர்னல் தன் கையில் வாங்கிக்கொண்டது என்பதற்கு மேல் அந்த வெற்றிக்கு அர்த்தம் இல்லை. அதன் பிறகு கெர்னல் இடைவெளியைப் படிப்படியாக இரட்டித்துக்கொண்டு மறுபடியும் மறுபடியும் அனுப்பிப் பார்த்து, ஏறக்குறைய 15 நிமிஷம் சென்றபின்தான் தோல்வியை ஒப்புக்கொள்ளும். அனுப்ப ஒன்றுமே இல்லாவிட்டாலோ, காத்திருப்பதற்கு முடிவே கிடையாது. 'கீப்அலைவ்' என்ற உயிர்ச்சோதனை இருக்கிறதே என்றால், 1989-ல் வெளியான ஆர்எஃப்சி 1122-ன் விதிப்படி அது இயல்பாக அணைந்தே கிடக்க வேண்டும். எழுப்பிவிட்டாலும் முதல் சோதனைக்கு 2 மணி நேரம் பொறுத்திருக்கும்.

இந்தப் பொறுமையைச் சிலர் மந்தம் என்று ஏசுவதுண்டு. அவர்கள் அதே பரீட்சையின் பிற்பகுதியைச் செய்து பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். கழற்றிய கேபிளைச் சில நிமிஷங்களில் மறுபடி செருகிவிட்டால், ஒன்றுமே நடவாததுபோல அந்த ஒரு வரி, அடுத்த முயற்சியில், ஓர் எழுத்தும் குறையாமல் போய்ச் சேருகிறது! இடையிலுள்ள வலைகள் அழிந்தாலும் உரையாடல் அழியக்கூடாது என்பதே இன்டர்நெட்டை வகுத்தவர்களின் முக்கிய நோக்கங்களில் ஒன்று என்று டேவிட் கிளார்க் 1988-ல் எழுதிய கட்டுரையில் விளக்குகிறார். உரையாடலின் நினைவு முழுவதும் பேசுகிற இரு முனைகளிலேயே இருக்கவேண்டும், நடுவில் எவரும் அதைச் சுமக்கக்கூடாது என்ற தீர்மானம் அதிலிருந்து பிறந்தது. டிசிபியின் பெருமை அங்கே இருக்கிறது.

ஆனால், திரைக்கு முன்னால் காத்திருக்கும் மனிதருக்கு 15 நிமிஷப் பொறுமை இராது. ஆகவே கைதேர்ந்த நிரலாளர், டிசிபிக்கு மேல் தமக்கென்று ஒரு நாடித்துடிப்பை வைத்துக்கொள்கிறார். கச்சேரியில் பாடகர் கார்வை கொடுத்து நிற்கையில், தாளம் ஓடிக்கொண்டிருப்பதால்தான் பாட்டு முடிந்துவிடவில்லை என்று சபைக்குத் தெரிகிறது. சில விநாடிக்கு ஒருமுறை போய்வரும் அந்தச் சிறு செய்தியும் அப்படிப்பட்டதே. துடிப்பு நின்றதும் மறுபடி இணையப் புறப்படுகையில், இடைவெளியைப் பெருக்கிக்கொண்டே போவதோடு அதில் சற்று ஒழுங்கின்மையையும் கலப்பது விவேகம். இல்லாவிட்டால், விழுந்து எழுந்த சர்வரை ஆயிரக்கணக்கானோர் ஒரே விநாடியில் மொய்த்து மறுபடி வீழ்த்திவிடுவார்கள். பணம் அனுப்பும் கட்டளை போன பிறகு பதில் வருமுன் தொடர்பு போனால், கட்டளைக்கு முதலிலேயே, இரண்டாம் முறை வந்தால் இனங்காணும்படி, ஓர் அடையாள எண் கொடுத்திருப்பவரே அதைத் துணிந்து திருப்பி அனுப்பலாம்.

இத்துறையில் நான் மிகவும் ரசித்த படைப்பு 'மோஷ்'. எம்ஐடியில் கீத் வின்ஸ்டீனும், சென்னை ஐஐடியில் பயின்ற ஹரி பாலகிருஷ்ணனும் 2012-ல் வெளியிட்ட கட்டுரை அதை விவரிக்கிறது. மோஷைப் போலவே, தொலைவிலுள்ள கணினியில் இருந்த இடத்திலிருந்தே வேலை செய்ய உதவும் எஸ்எஸ்எச், பைட்டுகளை ஒன்றுவிடாமல் வரிசையாகக் கொண்டுசேர்க்கப் பாடுபடுகிறது. பார்ப்பவருக்கு வேண்டியதோ வழியில் வந்த பைட்டுகளின் சரித்திரம் அல்ல, இப்போதைய திரை மட்டுமே என்று இவர்கள் கண்டுகொண்டார்கள். இரு முனையிலும் திரையின் படிமம் இருக்கிறது. யுடிபி பாக்கெட்டுகளில் வித்தியாசம் மட்டும் போகிறது. நடுவில் சில தொலைந்தால், அடுத்து வருவது நேராகப் புதிய நிலைக்குக் கொண்டுபோய்விடுகிறது. 3 விநாடிக்கு ஒருமுறை நாடித்துடிப்பு. அது நின்றுபோனால் திரையின் உச்சியில் ஒரு நீலப் பட்டை தோன்றி, கடைசியாகச் செய்தி வந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணிக் காட்டுகிறது. தொடர்பு போய்விட்டது என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறது. மௌனத்தின் முன்னே ஒரு நிரல் இவ்வளவு நேர்மையாக நிற்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் நம் முகவரியே மாறிவிடுகிறது. டிசிபி தொடர்பு அங்கே செத்துப்போகும். மோஷின் சர்வரோ, மறையாக்கச் சாவிக்குப் பொருந்தி, இதுவரை வந்தவற்றைவிடப் பெரிய வரிசை எண்ணோடு ஒரு பாக்கெட் எந்த முகவரியிலிருந்து வந்தாலும், இனி இவர் இருப்பது அங்கேதான் என்று ஏற்றுக்கொண்டு, பதிலை அங்கே அனுப்பத் தொடங்கிவிடுகிறது. மூடிவைத்த லேப்டாப்பை மறுநாள் வேறோர் ஊரில் திறந்தால், பாதியில் விட்ட வரி அப்படியே இருக்கிறது. திரைக்கு மேலே ஓடிப்போன பழைய வரிகளை அது பாதுகாப்பதில்லை என்ற குறை உண்மையே; அந்தச் சௌகரியத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது.

அதன் மூல நிரல் யாவரும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. நிரல் எழுதப் பழகும் இளைஞர்கள் அதன் 'நெட்வொர்க்' என்ற கோப்பகத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப்பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். புது முகவரியை ஏற்றுக்கொள்ளும் இடம் அதில் ஒருசில வரிகளிலேயே முடிந்துவிடுகிறது.