சொம்புக்கு ஒரு பரீட்சை

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்று ஓர் அமெரிக்கத் தம்பதி. நாற்காலி டிசைன் செய்தே பேர் வாங்கியவர்கள். இந்திய அரசு யோசனை கேட்டு அழைக்க, ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 1958-ல் சின்னதாக ஓர் அறிக்கை கொடுத்தார்கள். 1961-ல் அகமதாபாத்தில் என்.ஐ.டி. முளைத்தது அதிலிருந்துதான். அரசாங்க அறிக்கையா என்று கொட்டாவி விடாதீர்கள். இங்கே பார்த்ததிலேயே உசத்தி என்று அவர்கள் கைகாட்டியது எதைத் தெரியுமா? லோட்டாவை. நம்ம சொம்பு!

சும்மா புகழவில்லை. சொம்பைப் புதிதாகச் செய்ய உட்கார்ந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுக்குகிறார்கள். எவ்வளவு தண்ணீர், தூக்குவது ஆண் கையா பெண் கையா, நிறைந்தால் கனம் எங்கே நிற்கும்... இதுவரை இன்ஜினியர் கேள்வி. அப்புறம்தான் விஷயமே. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் எப்படி இருக்கிறது? கல்லில் வைத்தால் என்ன சத்தம்? வெயிலில் எப்படி மின்னும்? ஒருத்தருக்குக் கொடுக்கும்போது மனசு எப்படி இருக்கும்? என்னைப் போன்ற பி.காம். ஆசாமிக்கும் இலை போட்டிருக்கிறார்கள்: கடைசிவரை உழைத்த கணக்கில் விலை என்ன, பழசானால் உலோகத்துக்கு என்ன தேறும்?

உங்கள் வீட்டு மிக்ஸியை இதில் உரசிப் பாருங்கள். வேகத்தில் நூற்றுக்கு நூறு. சத்தத்தில்? பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைக் கேளுங்கள்.

எனக்கு ஒரு நெருடல். நடையின் தாளத்தோடு பாத்திரம் எப்படி இசைகிறது என்று ரசிக்கிறார்கள். நடப்பவளுக்கு வேறொன்று கிடைத்தால் எதை எடுப்பாள் என்று கேட்கவில்லை. பதில் பிறகு வந்தது, பிளாஸ்டிக் குடமாக. ஈம்ஸ் பரீட்சையில் அது பாதிக் கேள்விகளில் ஃபெயில். தொட்டால் சுகமில்லை, வைத்தால் 'டொப்', பழசைப் போட்டால் நாலு பேரீச்சம்பழம். ஆனாலும் அடிபம்பிலிருந்து அரை மைல் நடக்கிறவள் பித்தளைக் குடத்தை மனசாரக் கைவிட்டாள். இடுப்பு வலி அவளுக்கல்லவா? அதை ரசனைக் குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுமையைக் குறைப்பதும் அழகுக் கணக்கில் சேர வேண்டியதுதான். தவிர, தண்ணீர் லாரி க்யூவில் நூறு குடத்துக்கு நடுவே தன் பச்சைக் குடத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். பித்தளையில் நடக்குமா?

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. பேர் வெட்டுவது. சீர்ப் பாத்திரம் என்றால் கொடுத்தவர் பேரும் தேதியும் விளிம்பில் இருந்தாக வேண்டும் நமக்கு. தண்ணீர் பிடிக்க அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஆனால் பரணில் கிடக்கும் அண்டாவைப் பழைய பித்தளைக்குப் போடலாம் என்று இறக்குகிறோம், துடைக்கிறோம், பாட்டி பேர் தெரிகிறது. மறுபடி ஏற்றிவிடுகிறோம். ஈம்ஸ் தம்பதியை யாரும் பாத்திரக்கடைப் பக்கம் அழைத்துப் போகவில்லை போலிருக்கிறது.