ஆள் எழும்போது கூடவே எழும் குஷன்

உட்கார்ந்தவர் எழுந்து நிற்க முழங்கால் வலு மட்டும் போதாது. பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்து, தலை பாதத்துக்கு நேராக வந்த பிறகுதான் இடுப்பு இருக்கையை விட்டுக் கிளம்பும். அந்த நொடியில் தொடைத்தசைக்குத்தான் பெரும் வேலை. வயதானவர்கள் ரெண்டு தரம் ஆடிப் பார்த்துவிட்டுப் பொத்தென்று திரும்ப விழுவதும் அங்கேதான். நான் சோதித்த கேஸ் ஸ்பிரிங் குஷன் கைகொடுப்பதும் அந்த நொடிக்கு மட்டுமே.

பார்க்கச் சாதாரணத் திண்டு. உள்ளே இரண்டு பலகை, முன்விளிம்பில் கீல். நடுவே, கார் டிக்கிக் கதவைத் தூக்கிப் பிடிக்கும் அதே வகை கேஸ் ஸ்பிரிங். மின்சாரம் வேண்டாம். முன்னால் சாய்ந்ததும் எடை பாதத்துக்கு இறங்குகிறது, மிச்சத்தை ஸ்பிரிங் மேலே தள்ளுகிறது. உடல் எடையில் 70 சதவீதம் வரை ஏந்தும் என்பது இந்த வகைக் குஷன்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. அதைவிட முக்கியம், ஆளின் எடைக்கேற்ப ஸ்பிரிங்கைத் திருத்தி வைப்பது. கடையிலிருந்து வந்தபடியே போட்டதில், ஒல்லியான என் அத்தை சாய்வதற்குள் அது கிளம்பிவிட்டது.

“டேய், இது எழுப்பலடா, தள்ளி விடுது!”

விசையைக் குறைத்ததும் சரியாகிவிட்டது. இப்போது கைப்பிடியில் லேசாக ஊன்றி, தன் காலாலேயே எழுகிறார்.

விளம்பரங்கள் அதிகம் பேசாத நன்மை ஒன்று உண்டு: உட்காருவது. ஆளில்லாதபோது திண்டு சாய்ந்து நிமிர்ந்தே நிற்கும். தொடையின் பின்பக்கம் அதில் படும்வரை பின்வாங்கி எடையைக் கொடுத்தால் மெதுவாக இறக்கிவிடுகிறது. முதுகெலும்பு தேய்ந்தவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம்.

எல்லா நாற்காலிக்கும் ஒத்துவராது. மெத்தென்ற சோபாவில் போட்டால் ஸ்பிரிங்கின் விசை பஞ்சுக்குள்ளேயே போய்விடும். இலேசான பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் பின்னால் நழுவுகிறது. கைப்பிடியுள்ள கனமான மரநாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பட்டுச்சேலை கட்டிய அன்று அத்தை இதில் உட்காருவதில்லை, சரிவில் வழுக்குகிறதாம். குட்டையானவர்களுக்கு இன்னொரு சிக்கல்: திண்டின் கனத்தில் இருக்கை உயர்ந்து, பாதம் தரையில் பதியாமல் தொங்கும். பாதம் ஊன்றாமல் எழவே முடியாது.

உண்மையில் பலருக்கு உயரமே மருந்து. எழுந்து நிற்பது பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2002இல் வந்த கட்டுரை ஒன்று, உயரமான இருக்கையில் முழங்கால் மூட்டின் திருப்புவிசை 60 சதவீதம் வரை குறையும் என்கிறது. நாற்காலிக் காலுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை கொடுக்க தச்சர் என்ன பெரிதாகக் கேட்டுவிடப் போகிறார்?

ரிமோட்டில் தூக்கும் மின்சார ரிக்ளைனரையும் ஒரு கடையில் உட்கார்ந்து பார்த்தேன். நாற்காலி முழுவதுமே முன்னால் சாய்ந்து ஆளை நிறுத்துகிறது. நடுவில் நிறுத்தலாம் என்பதால் சட்டென்று எழுந்தால் தலைசுற்றுபவர்களுக்கு வசதி. பல மாடல்களில், மின்வெட்டில் மாட்டிக்கொண்டால் இறங்குவதற்கென்று 9 வோல்ட் பேட்டரிகள் போட இடமுண்டு. அவற்றைப் போட்டிருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். ஆனால் கால் கொஞ்சமாவது வேலை செய்கிறவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். தொடைக்கு மிஞ்சியிருக்கும் பயிற்சியையும் மோட்டார் வாங்கிக்கொள்ளும்.

குஷனில் எனக்குள்ள பயம் குழந்தைகளைப் பற்றியது. பலகைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி பிஞ்சு விரலுக்குத் தாராளம். பேரப்பிள்ளைகள் வரும் நாளில் அதைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிடுவது நல்லது.