உரத்த ஒலியும் உயிரிழந்த இசையும்

அமெரிக்க றொக் குழுவான மெற்றாலிக்கா 2008 இல் வெளியிட்ட 'டெத் மக்னெற்றிக்' இசைத்தொகுதியை முழுமையாகக் கேட்கும்போது நம் செவி களைத்துவிடுகிறது. குறை இசைஞரின் ஆற்றலில் இல்லை. மெல்லொலியை உயர்த்தி, வல்லொலியின் முகடுகளை நறுக்கி, யாவற்றையும் ஒரே மட்டத்துக்கு நெருக்கிய ஒலியமைப்பு முறையிலேயே அது உள்ளது. மேளத்தின் அடி அடியாக விழவில்லை, கரகரப்பாகச் சிதறுகிறது.

அதே ஆண்டு 'கிற்றார் ஹீரோ' என்னும் காணொளி விளையாட்டில் இப்பாடல்கள் இத்துணை நெருக்கப்படாமல் வெளிவந்தன. இரண்டையும் ஒப்பிட்ட இரசிகர் ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்டுத் திருத்திய பதிப்பைக் கோரினர். றொக் இசை என்றாலே இரைச்சல்தானே என்போருக்கு இதுவே தக்க விடை. வன்மையை விரும்பியவர்களே இவ்வுரப்பை மறுத்தனர். மென்மை இருந்தாலன்றி வன்மை புலப்படாது என்பதை அவர்கள் அறிவர்.

இக்கேடு கலையின் தேவையிலிருந்து பிறந்ததன்று. பிறர் பாட்டைவிடத் தம் பாட்டே உரக்க ஒலிக்க வேண்டும் என்ற சந்தைப் போட்டியே இதன் தாய். இன்று ஸ்பொட்டிபை போன்ற தளங்கள் பாடல்களின் ஒலியளவைச் சமப்படுத்துவதால், அந்த வணிக ஆதாயமும் பெரிதும் அற்றுவிட்டது. ஆயினும் பழக்கம் முற்றாக நீங்கவில்லை. கலைஞரின் உழைப்பைச் சந்தைக்காக நசுக்கும் இம்முறையை நாம் இனியும் சகிக்க வேண்டியதில்லை.