வெகுளியை வென்ற நகை: மினே ஒக்குபோவின் முகாம் ஓவியங்கள்

துன்பத்தைத் தீட்டும் கலைஞன் அழ வேண்டுமா, சினக்க வேண்டுமா, அன்றிச் சிரிக்கவும் கூடுமா? மெய்ப்பாடுகள் எட்டனுள் வெகுளிக்கு நிலைக்களன் நான்கு கூறும் தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாகக் ‘குடிகோ’ளை வைத்தார். தன் குடிக்கு இழைக்கப்படும் கேடு கண்டு சினம் பிறத்தல் இயல்பு. அக்கேட்டிற்கு ஆளாகியும் நகையையே தன் கருவியாகக் கொண்ட ஓவியர் ஒருவரை இங்கு நோக்குவோம்.

மினே ஒக்குபோ 1912-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். சப்பானியப் பெற்றோரின் மகள். பிறப்பால் அமெரிக்கக் குடிமகள். பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்று, உதவித்தொகை பெற்று ஐரோப்பா சென்றவர், 1939-இல் போர் மூண்டதும் தாயகம் மீண்டார். பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்குப் பின், 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூசுவெல்ட் ஓர் ஆணையில் ஒப்பமிட்டார். அதன் விளைவாக மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த சப்பானிய வமிசத்தார் 1,10,000-க்கும் மேற்பட்டோர் வீடு வாசல் துறந்து முகாம்களுக்குச் சென்றனர். அவருள் மூன்றில் இருவர் அமெரிக்கக் குடிமக்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. ஒக்குபோவுக்கும் அவர் தம்பிக்கும் வழங்கப்பட்ட குடும்ப எண் 13660.

அவ்வெண்ணே 1946-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவரது நூலின் பெயராயிற்று: ‘குடிமகள் 13660’. குடியுரிமையும் கைதி எண்ணும் ஒரே தலைப்பில் அருகருகே நிற்கும்போது, அத்தலைப்பே ஒரு குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது.

நூலின் அமைப்பு எளியது. மேலே ஒரு கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம். கீழே சில வரிகள். இவ்வாறு இருநூறு ஓவியங்கள். முகாமில் அடைபட்டோர் ஒளிப்படக் கருவி வைத்திருக்கத் தடை இருந்தது. அரசுக்காக டோரதியா லாங்கு எடுத்த படங்களையோ இராணுவம் போர்க்காலத்தில் வெளிவராமல் முடக்கியது. தடை செய்ய எவரும் எண்ணாத எழுதுகோலே சாட்சியாக எஞ்சியது.

சான் புரூனோவில் உள்ள டான்போரான் குதிரைப் பந்தயத் திடலில் அவருக்குக் கிடைத்த இல்லம் ஒரு குதிரைக் கொட்டில். சிலந்தி வலையையும் வைக்கோலையும் குதிரை மயிரையும் அகற்றாமல் சுவரோடு சேர்த்தே வெள்ளையடித்திருந்தார்கள். இதனை ஓவியர் சினந்து கூறவில்லை. கண்டதைக் கண்டவாறு வரைந்து நகர்கிறார். பையில் வைக்கோல் அடைத்து மெத்தையாக்குதல், உணவுக்கு வரிசை, கதவில்லாக் கழிப்பிடத்தில் பெண்கள் பலகையாலும் துணியாலும் மறைப்புத் தேடுதல் என, ஒவ்வொன்றிலும் மானம் சிறிது சிறிதாகப் பறிபோவதைக் காண்கிறோம். பின்னர் யூட்டாப் பாலைவனத்து டோபாஸ் முகாம். அங்கே புழுதிக் காற்றே தனியொரு பாத்திரமாகி, மாந்தர் உருவங்களை விழுங்க முனைகிறது.

ஏறத்தாழ எல்லா ஓவியங்களிலும் ஒக்குபோ தாமே நிற்கிறார். ஒரு மூலையில், புருவம் உயர்த்தி, சிலவேளை நாக்கை நீட்டிக்கொண்டு. காவலர் கைதிகளைப் பார்க்க, அக்காவலரை இவர் பார்க்கிறார். அவ்விருவரையும் பார்க்கும் இடத்தில் நாம் நிறுத்தப்படுகிறோம். நகையின் நிலைக்களன் நான்கனுள் முதலாவது எள்ளல் என்பர். பிறர் நம்மை எள்ளுவதாலும் நாம் பிறரை எள்ளுவதாலும் அது பிறக்கும் என உரையாசிரியர் விரிப்பர். அவ்விரு எள்ளலையும் ஒரே சட்டகத்துள் அடக்கியதே இவ்வோவியங்களின் திறம்.

குறை இல்லாமல் இல்லை. 1943 ஏப்ரலில் டோபாஸ் முகாமின் வேலியருகே வக்காசா என்னும் முதியவர் காவலனால் சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தகைய கொடுமைக்கும் அன்றாடச் சலிப்புக்கும் நூலின் குரல் ஒரே அளவில் ஒலிப்பது நெருடுகிறது. பிற மாந்தர் பலர் தனி முகம் பெறாது கூட்டமாகவே நின்றுவிடுகின்றனர். இவ்வமைதியைப் பணிவு எனக் கொண்டோரும் உளர். எனினும் 1946-இன் வாசகர், பகைவர் எனப் பழிக்கப்பட்ட இனத்தாரின் சினத்தைச் செவிமடுத்திருப்பாரா? கதறலுக்குக் காதை மூடும் உலகம், புன்னகைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. திறந்த கதவு வழியே உண்மை உட்புகுகிறது. ஆதலின் இவ்வமைதியைக் கோழைமை என்றல் தகாது. காலமறிந்த செயல் எனலே தகும்.

1981-இல் அமெரிக்க அரசின் விசாரணைக் குழுமுன் சாட்சியம் அளித்தபோது, ஒக்குபோ இந்நூலையும் அளித்தார். 1988-இல் அரசு மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் ஈடு வழங்கச் சட்டம் இயற்றியது. 2001-இல் ஓவியர் மறைந்தார்.

இஃது அயல்நாட்டுக் கதை என்று நாம் அமைதல் இயலாது. மலேயா, சிங்கப்பூரில் பிடிபட்ட சப்பானியக் குடிமக்கள் 1942-இல் தில்லிப் பழைய கோட்டையில் கூடாரங்களில் அடைக்கப்பட்டனர். பின்னர் இராசத்தானத்துத் தேவ்லிக்கு அனுப்பப்பட்டனர். 1962-இல் சீனப் போரின்போது அதே தேவ்லியில் அடைக்கப்பட்டோர் இந்தியச் சீனர். நம் தெருவில் கடை வைத்திருந்தோர். பழைய கோட்டைக்குச் செல்லும் நாம் அதன் மதிலையும் வாயிலையும் வியந்து மீள்கிறோம். அக்கூடாரங்களின் மூலையில் நின்று நம்மைப் பார்க்கும் ஒரு முகத்தையும் தேடக் கற்பிப்பதே ஒக்குபோவின் கோடுகள் நமக்கு ஆற்றும் பணியாகும்.