என்ன, யார், ஏன், எப்படி

லினக்ஸில் ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வேலை சொல்ல வைத்திருக்கும் வழி டி-பஸ். ஹேவக் பென்னிங்டன், அலெக்ஸ் லார்சன், ஆண்டர்ஸ் கார்ல்சன் மூவரும் 2002-இல் தொடங்கியது, 1.0 பதிப்பு 2006 நவம்பரில் வந்தது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினியில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்ததே, அதன் வழியாக விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்துப் பிள்ளைகளின் வீட்டுக்கும் இது வந்து சேர்ந்தது. திரையோரம் எட்டிப்பார்க்கும் அறிவிப்பெல்லாம் இதன் வேலைதான்.

அந்த அறிவிப்பைக் காட்டச் சொல்லும் மெத்தடின், அதாவது அழைப்பின், பெயர் நோட்டிஃபை. டி-பஸ்ஸை ஆராயும் பஸ்சிடிஎல் கருவியில் இன்ட்ராஸ்பெக்ட் கட்டளை கொடுத்தால் அதற்கு நேரே எஸ், யூ, எஸ், எஸ், எஸ் என்று தொடங்கும் ஓர் எழுத்து வரிசை வரும். எஸ் என்றால் சரம், யூ என்றால் குறியில்லா முழு எண். எட்டு ஆர்குமென்ட் (மெத்தடுக்கு நாம் தரும் மதிப்பு), எட்டுக்கும் வகை தெரிகிறது. எது எதற்கு என்பது தெரிவதில்லை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதித் தருவது போலத்தான். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை மருந்து கொடுப்பவர் வாயால் சொன்னால்தான் உண்டு.

ஜிடிபஸ் கருவியில் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மெத்தடைத் தரும் நிரலை, அதாவது சர்வீஸை, எழுதியவர் பெயர் வைத்திருந்தால் ஆர்குமென்ட்டின் பெயரும் சேர்ந்து வரும். பெயர் வைப்பது டி-பஸ்ஸில் கட்டாயமில்லை. அதனால்தான் வைத்தவர்களின் அக்கறை கண்ணில் படுகிறது. ஆனால் பெயரும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. நோட்டிஃபையின் கடைசி ஆர்குமென்ட் காலக்கெடு. அதில் -1 கொடுத்தால் கெடுவை அறிவிப்பைக் காட்டும் சர்வரே முடிவு செய்யும். 0 கொடுத்தால் அறிவிப்பு தானாக மறையாது. இதை அறிவிப்புகளுக்கான விவரக்குறிப்பைத் திறந்தால்தான் அறியலாம். கணினியின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் ஸ்டார்ட்யூனிட் மெத்தடிலும் இதே நிலை. மோட் என்ற பெயர் இருக்கும், அதில் ரிப்ளேஸ், ஃபெயில் என்று எவையெல்லாம் எழுதலாம் என்பது மேன் பக்கத்தில், அதாவது கையேட்டுப் பக்கத்தில், இருக்கும். கருவி, மேன் பக்கம், யூஎஸ்ஆர் ஷேர் அடைவில் டிபஸ்-1 என்பதற்குள் கிடக்கும் எக்ஸ்எம்எல் கோப்புகள், கடைசியில் மூலநிரல்: தேடும் வரிசை இதுதான்.

நான் பார்த்தவற்றில் மிக அழகானது பயனர் உள்நுழைவைக் கவனிக்கும் லாகின்1 சர்வீஸின் இன்ஹிபிட். கணினி தூங்கவோ அணையவோ போகும்போது "பொறு" என்று சொல்லும் மெத்தட். நான்கு ஆர்குமென்ட், நான்கும் சரம். எழுத்து வரிசையை மட்டும் பார்த்தால் நான்கு எஸ், ஊமை. பெயர்களைப் பார்த்தால் வாட், ஹூ, வொய், மோட். எதைத் தடுக்கிறாய், நீ யார், ஏன், எந்த விதத்தில்? அனுமதி கேட்பவரிடம் ஒரு நல்ல அதிகாரி கேட்கும் கேள்விகள், அதே வரிசையில். விதம் 'டிலே' என்றால் கணினி சற்றே காத்திருக்கும், இயல்பாக அதிகபட்சம் 5 நொடி. யார், ஏன் என்ற இரண்டும் கணினி படிப்பதற்கல்ல. தடுப்புப் பட்டியலைத் திறந்து பார்க்கும் மனிதருக்காக எழுதப்படுபவை அவை. பதிலாக ஒரு கோப்பு விவரிப்பான் கிடைக்கும். அதை மூடினால் தடுப்பு நீங்கும். கேட்ட நிரல் பாதியில் செத்துப்போனாலும் கெர்னல் அதை மூடிவிடும், தடுப்பும் தானே விலகும். விடுவிக்க என்று தனியாக ஒரு மெத்தடே வேண்டியிருக்கவில்லை. இந்த யோசனைக்காகவே லாகின்1-இன் மேன் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படிக்கலாம்.

விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, அக்கம்பக்கத்து மாணவர்கள் அங்கே நிரல் எழுதப் பழகுகிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எழுதும் சர்வீஸில் ஒவ்வோர் ஆர்குமென்ட்டுக்கும் பெயர் வையுங்கள். பெயர் போதாத இடத்தில் எக்ஸ்எம்எல் கோப்பிலேயே இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் சரி.