ஒரே மொழி, இரு வழக்கு: வன்னிப் புனைகதையும் குடியேறியோர் குரலும்

தாய்மொழி வழங்கும் நிலத்திலேயே ஒருவன் அந்நியனாதல் கூடும். பிரித்தானியாவிற் குடியேறும் அமெரிக்கருக்குப் 'பேவ்மென்ட்' என்பது வாகனம் ஓடும் தெருத்தளம். அந்நாட்டவருக்கோ அது நடைபாதை. அங்கு இத்தகைய மயக்கம் பெரும்பாலும் நகைப்போடு முடிந்துவிடும். இரு வழக்குகளுக்குப் பின்னாலும் அரசும் அகராதியும் நிற்கின்றமையே அதற்குக் காரணமாகும்.

வன்னியின் நிலை வேறு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழர் பலரை, 1970களின் முற்பகுதியில் நேர்ந்த உணவுப் பஞ்சமும் 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களும் வடக்கு நோக்கித் தள்ளின. கனகராயன்குளத்தை உள்ளிட்ட வவுனியா வடக்கிலும் கிளிநொச்சிப் பகுதியிலும் அவர்கள் குடியேறினர். அங்கு வழங்கியதும் தமிழே. ஆயின், 'பேசினார்' என்றால் வடபுலத்தில் 'ஏசினார்' என்றே பொருள்படும். உரையாடுதல் 'கதைத்தல்' ஆகும். 'சூடு' என்பது வெப்பத்தை மட்டுமன்றி, அறுத்துக் குவித்த நெற்கதிரையும் குறிக்கும். குடியேறியவரின் 'ஆமாங்க' என்னும் ஒரு சொல்லே அவர் எங்கிருந்து வந்தவர் என்பதைக் காட்டிக்கொடுத்தது. 'தோட்டக்காட்டான்' என்னும் இழிசொல்லுக்கு அது போதுமானதாயிற்று. கூலியும் காணியும் பிறர் கையிலிருந்த நிலையில், இங்கு வழக்கு வேறுபாடு வாழ்க்கைப் பிரச்சினையாயிற்று.

இதனைப் புனைகதை எவ்வாறு கையாளவேண்டும்? 1960களின் மரபுப் போராட்டத்தில் 'இழிசனர் வழக்கு' என்ற பழிப்பை மறுத்து, மக்கள் பேச்சுக்கு இலக்கியத்தில் இடம் தேடிய முற்போக்காளரின் வாதம் வென்றது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) வன்னி மாந்தரின் பேச்சை நாவலுக்குள் இயல்பாகக் கொணர்ந்தது. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974) தோட்டத் தொழிலாளர் வாழ்வை அவர்தம் மொழியிலேயே நிறுவியது. இரண்டும் தத்தம் மண்ணில் வேரூன்றிய படைப்புகள். அவ்விரு மண்ணும் ஒரே வயல் வரம்பிற் சந்திக்கும்போதுதான் மண்வாசனைக் கோட்பாடு உண்மையான சோதனைக்கு உள்ளாகின்றது.

மண்வாசனை என்பது ஒரு மண்ணுக்கு ஒரு வழக்கு என்ற எண்ணத்தை அடியாகக் கொண்டது. அவ்வளவில் நின்றுவிட்டால், பிந்தி வந்தவரின் பேச்சு அந்த மண்ணுக்குரியதன்று என்றாகிவிடும். காணிக்காரரின் பேச்சைத் திருந்திய நடையிலும், கூலியாளின் பேச்சை மட்டும் கொச்சையாகவும் எழுதுவது யதார்த்தமன்று. ஊரார் இட்ட முத்திரையை எழுத்தாளனும் இடுவதேயாகும். குடியேறியவன் 'ஓம்' என்று சொல்லப் பழகுவதை மாத்திரம் காட்டி அதனை இணக்கம் எனக் கொள்வதும் குறையுடையது. அந்த 'ஓம்' வேலை வேண்டிச் சொன்னதா, உறவு கொண்டு சொன்னதா என்பதைப் படைப்பு புலப்படுத்தல் வேண்டும்.

தோட்டத்தில் அரைநாள் வேலைக்கு 'அரைப்பேர்' என்று பெயர். கூலிக் கணக்கை அனுபவித்தறிந்தோர் கொண்டுவந்த சொல் அது. வன்னிக் கமக்காரரும் குடியேறியவரிடமிருந்து அத்தகைய ஒரு சொல்லையேனும் கற்றுக்கொள்வதைக் காட்டும் படைப்பே, இரு சாராரையும் ஒரே தரத்தில் வைத்து நோக்கிய படைப்பாகும். வன்னிப் புனைகதையை மதிப்பிடும் திறனாய்வாளர் இவ்வளவுகோலையும் கைக்கொள்ளுதல் தகும்.