ஜாஸ் சுவரொட்டி: காணாமற்போன மூல ஓவியம்

திரைப்படச் சுவரொட்டிகளைச் சேகரிப்போர் அச்சிட்ட தாளையும், அதற்காகத் தூரிகையால் வரையப்பட்ட மூல ஓவியத்தையும் வேறுபடுத்திப் பார்க்கின்றனர். அச்சுப்படிகள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். மூல ஓவியம் ஒன்றே. இவ்வேறுபாடு எத்தகையது என்பதை ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘ஜாஸ்’ (1975) படத்தின் சுவரொட்டி உணர்த்துகிறது.

பீட்டர் பெஞ்ச்லியின் ‘ஜாஸ்’ நாவல் 1974-இல் வெளிவந்தது. அதன் பேப்பர்பேக் பதிப்பின் அட்டைக்காக ரோஜர் காஸ்டல் இவ்வோவியத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். மேலே நீந்தும் பெண். கீழிருந்து செங்குத்தாக எழும் சுறா. இடையில் நீர் மட்டுமே. அச்சம் பிறப்பது அந்த இடைவெளியில்தான். தாக்குதலுக்கு முந்தைய நொடியைத் தேர்ந்ததே காஸ்டலின் திறன். யுனிவர்சல் நிறுவனம் அதே படத்தைத் திரைப்பட விளம்பரத்துக்கும் பயன்படுத்தியது.

மூல ஓவியம் பின்னர் காணாமற்போனது. அச்சுக்குப் படியெடுத்ததும் ஓவியத்தின் வேலை முடிந்தது என்று கருதப்பட்ட காலம் அது. அச்சுப்படி ஓவியத்தின் அமைப்பைக் காட்டும். தூரிகைத் தடத்தையும் வண்ண அடுக்குகளையும் திருத்தங்களையும் காட்டாது. எனவே காஸ்டலின் கற்பனையை இன்று மதிப்பிடலாம். கைத்திறனை முழுமையாக மதிப்பிட இயலாது.

ஏலச் சந்தை ஓவியத்தின் தரத்தைவிடப் படத்தின் புகழுக்கே பெரும்பாலும் விலை வைக்கிறது. இது உண்மையான குறையே. ஆயினும் மூல ஓவியங்கள் குப்பைக்குப் போகாமல் காத்தவர்களுள் சேகரிப்பாளர்களும் உண்டு. அவர்கள் காப்பது ஓவியரின் உழைப்புக்கு எஞ்சியிருக்கும் நேரடிச் சான்றை.